சுகுணவதி வெறுமையை நினைத்த நாட்கள்

கீழ்ப்பாக்கம், சென்னை

ஜனவரி 7, 1979, ஞாயிறு

இன்று முதல் நான் ஒரு சினிமாவின் உயிர். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, தேவசித்தம் சொன்னார்.

தேவசித்தம் யார் என்று பிற்காலத்தில் இந்த டைரியைப் படிக்கப்போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். நாகர்கோவில்காரர். முப்பத்திரண்டு வயது, தாடி, கதர் ஜிப்பா. இதுவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை. அதனால் அவர் படத்தில் யாரும் குறை கண்டுபிடித்ததும் இல்லை. எங்கள் மாற்றுத் திரை வட்டத்தில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம். மாதம் ஒருமுறை கூடி, யாருக்கும் தெரியாத பாஷையில் ஒரு படத்தைப் பார்ப்போம். பிறகு காபி குடித்துக்கொண்டே அதற்கு என்ன அர்த்தம் என்று சண்டை போடுவோம். சண்டையில் எப்போதும் ஜெயிப்பவர் தேவசித்தம்.

இன்று கூட்டம் முடிந்ததும் என் முகத்தைப் பக்கவாட்டில் நின்று வெகுநேரம் பார்த்தார். "மேடம், நாலு வருசமா நான் தேடிட்டிருந்த முகம் இதுதான், பாத்துக்கிடுங்க" என்றார்.

எனக்கு இது புதிதல்ல. பத்து வருடத்துக்கு முன்னால் ஓர் ஓவியர் என்னை மூன்று மாதம் உட்காரவைத்து வரைந்தார். முடிவில் படத்தில் மூன்று முக்கோணமும் ஒரு மூக்குத்தியும் இருந்தன. பிறகு ஒரு கவிஞர் என்னைப் பற்றி நாற்பது கவிதை எழுதினார். நாற்பதிலும் நான் மழையாகவே வந்தேன். இந்த ஊரில் கண்காட்சியோ, நாட்டியமோ, புத்தக வெளியீடோ, முதல் வரிசையில் திருமதி சுகுணவதி ராஜமாணிக்கம் இல்லாமல் நடக்காது. மறுநாள் பேப்பரில் என் புடவை வரும். ஆனால் நான் அசைவதை, கண் சிமிட்டுவதை, சிரிப்பதை யாரும் பிடித்துவைத்ததில்லை. சினிமாவில்தான் அது முடியும். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. (நாற்பத்து நான்கு. டைரியிடம் என்ன வெட்கம்.) இப்போது விட்டால் பிறகு எப்போது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவருக்குத் தோல் ஏற்றுமதி வியாபாரம்.

"படத்தை எங்க எடுப்பாங்க?"

"நம்ம வீட்லதாங்க."

"சாப்பாடு?"

"அதுவும் நம்ம வீட்லதான்."

"அப்ப எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். என்ன நினைத்துச் சொன்னாரோ.

ஜனவரி 17, புதன்

முதல் நாள் படப்பிடிப்பு. படத்தின் பெயர் 'பத்தொன்பதாவது கதவு'. எங்கள் வீட்டில் குளியலறையோடு சேர்த்துப் பதினான்கு கதவுதான் இருக்கிறது என்று தேவசித்தத்திடம் சொன்னேன். "அதான் மேடம் விசயமே" என்றார். புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

கேமராக்காரர் பெயர் கன்னியப்பன். என் வயதுதான் இருக்கும். பெரிய ஸ்டூடியோ ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பெரிய படங்களுக்கு வாங்கிய பிலிமில் மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கி வருகிறார். அந்தத் துண்டுகளில்தான் எங்கள் படம் வளர வேண்டும். "ஒரே தபாதாம்மா. இருமினாக்கூட பிலிம் போச்சு" என்று எல்லோரையும் மிரட்டிவைத்திருக்கிறார். கேமரா கடிகாரம் மாதிரி சாவி கொடுக்கிற ரகம். ஒருமுறை முழுக்கச் சாவி கொடுத்தால் அரை நிமிடம் ஓடும்.

காலையெல்லாம் வெளிச்சம் பார்த்தார்கள். அதற்கு யாராவது எதிரில் நிற்க வேண்டுமாம். "உங்க நேரத்தை அதுக்குப்போயி வீணாக்கப்படாது மேடம்" என்று சொல்லி, சமையல்காரி தனத்தை நிறுத்திக்கொண்டார் தேவசித்தம். எவ்வளவு மரியாதை! தனபாக்கியம் பதினேழு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஆரணிப் பக்கம். அவள் பாத்திரம் தேய்க்கும்போது, கருவேப்பிலை உருவும்போது, மீன்காரியோடு பேரம் பேசும்போது என்று ஒன்றுவிடாமல் வெளிச்சம் பார்த்தார்கள்.

"பாத்திரம் தேய்க்கிறதுல இன்னாம்மா வெளிச்சம் பாக்கறாங்க?" என்று என்னிடம் வந்து கேட்டாள்.

"அது கலை, உனக்குப் புரியாது" என்றேன்.

மூன்று மணிக்கு என் காட்சி. கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி வெறுமையை நினைக்க வேண்டும். நினைத்தேன்.

ஜனவரி 31, புதன்

வெறுமை. பச்சைப் பட்டு.

பிப்ரவரி 7, புதன்

வெறுமை. மாம்பழ நிற நாராயணப்பேட்டைப் புடவை.

பிப்ரவரி 14, புதன்

வெறுமை. தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன். தேவசித்தம் "பிரமாதம் மேடம்" என்றார். அவர் இவ்வளவு பாராட்டியது இதுவரை என் தும்மலைத்தான்.

லேடீஸ் கிளப்பில் இன்றோடு அறுபத்திரண்டு பேரிடம் சொல்லியாயிற்று, நான்தான் கதாநாயகி என்று. எனக்குச் சொல்லத் தோன்றாவிட்டாலும் அவர்கள் கேட்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை.

பிப்ரவரி 21, புதன்

இன்று தனம் தூங்கும்போதும் வெளிச்சம் பார்த்தார்கள். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. சூரியனிடமே அவ்வளவு வெளிச்சம் இருக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது. பிறகு எனக்கு வெறுமை, பத்து நிமிடம்.

மார்ச் 7, புதன்

சாப்பாட்டு நேரத்தில் கன்னியப்பன் பழைய ஸ்டூடியோ கதைகளை எடுத்துவிட்டார். இரட்டை வேடப் படங்களில் அண்ணனும் தம்பியும் ஒரே காட்சியில் எப்படி வருகிறார்கள் என்று சொன்னார். அண்ணனை எடுத்துவிட்டு, அதே பிலிமைப் பின்னால் சுற்றி, அதன்மேலேயே தம்பியை எடுப்பார்களாம். பேய் சுவருக்குள் நுழைவது, கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை முகத்தைச் சுற்றி ரோஜாப்பூ வருவது எல்லாமே இந்த வேலைதானாம்.

"நம்ம கேமராவுலயும் முடியுமா?" என்றேன்.

"ஏன் முடியாது? தோ, இந்தக் கைப்பிடியப் போட்டுப் பின்னால சுத்துனா ஆச்சு. அரை நிமிச ஷாட்டுக்கு எம்பத்துநாலு சுத்து. ஆனா லென்ஸை மூடிக்கினு சுத்தணும். இல்லாட்டி எல்லாம் வெளுத்துப்பூடும்."

தேவசித்தத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதெல்லாம் வித்தை. நம்ம படத்துல வித்தைக்கு இடமில்ல. உண்மை மட்டுந்தான், கேட்டீங்களா" என்று சொல்லி நான்காவது மீன் துண்டை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 14, புதன்

இன்று ஒரு சின்ன விஷயம்.

காலையில் தனத்தை வைத்து வெளிச்சம் பார்த்தபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். கேமரா கனமாக, அடங்கிய குரலில் ஓடியது. மூன்று மணிக்கு என் காட்சியில் அதே கேமரா கடகடவென்று லேசாக ஓடியது. துணி வைத்து ஓட்டுகிற தையல் மெஷினுக்கும் சும்மா ஓட்டுகிற தையல் மெஷினுக்கும் உள்ள வித்தியாசம். எனக்குத் தையல் மெஷின் சத்தம் நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பது இந்த டைரிக்குத் தேவையில்லை. கல்யாணத்துக்கு முந்திய சமாசாரம்.

கன்னியப்பன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"கன்னியப்பன், மத்தியானம் என்னை எடுக்கும்போது கேமராவுல பிலிம் இருக்கா?"

கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். "டைரக்டர் இன்னா சொல்றாரோ அதாம்மா நான் செய்யறேன்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தும்மா. சாப்பாடு முடிஞ்சதும் பிலிமைக் கழட்டிட சொல்லிட்டாரு. உங்களாண்ட சொல்லணும்னு தெனமும் நெனப்பேன். வாய் வராது."

நான் கோபப்படவில்லை. கூடத்துப் பூஜாடி தானாகத்தான் விழுந்து உடைந்தது.

அதே நாள், மாலை

தூங்கலாம் என்று படுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன். இரண்டு மாதம் ஒரு காலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெறுமையை நினைத்திருக்கிறேன். இந்தப் படத்தின் கதாநாயகி தனம். அது தனத்துக்கே தெரியாது. என்னிடம் அவர்களுக்குத் தேவைப்பட்டவை வீடு, வெளிச்சம், சாப்பாடு, சமையல்காரி. என் முகத்தைப் புகழ்ந்தது அந்த நான்கையும் வாங்க அவர்கள் கொடுத்த விலை. அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் அழுதேன்.

மார்ச் 15, வியாழன்

எல்லோரையும் துரத்திவிடலாமா என்று யோசித்தேன். துரத்தினால் படம் இல்லை. படம் இல்லையென்றால் அறுபத்திரண்டு பேருக்கு என்ன பதில் சொல்வது? அதைவிட முக்கியம், நான் இந்தப் படத்தில் இருந்தாக வேண்டும். அரை நிமிடம் போதும். ஆனால் இருந்தாக வேண்டும்.

மார்ச் 21, புதன்

தேவசித்தத்திடம் தேனொழுகக் கேட்டேன். "இதுவரைக்கும் என்னை எடுத்ததை எப்பப் பாக்கலாம்?"

"முழுசா முடியறதுக்கு முன்ன பாத்தா முகத்தோட கன்னித்தன்மை போயிரும் மேடம்."

நல்ல பதில். இரண்டு வறுத்த மீன் கூடுதலாக வைக்கச் சொன்னேன். முள் அதிகமுள்ள துண்டாகப் பார்த்து.

மார்ச் 28, புதன்

கடைசி நாள் படப்பிடிப்பு. கைவசமிருந்த கடைசித் துண்டுப் பிலிமும் இன்றோடு தீர்ந்தது.

காலையில் எடுத்தது ஒரே ஒரு காட்சி. எல்லோருக்கும் பரிமாறி முடித்த தனம், இருட்டான சமையலறையில் தன் தட்டைப் போட்டுக்கொண்டு தரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறாள். அவ்வளவுதான். முழுச் சாவி, அரை நிமிடம். "இதுதான்வே படம்" என்று தேவசித்தம் கன்னியப்பனின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

மத்தியானம் வஞ்சிரம் குழம்பு. இருவருக்கும் கேட்டுக் கேட்டுப் பரிமாறும்படி தனத்திடம் சொல்லிவிட்டு, கூடத்தில் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். கேமராவும் கூடத்தில்தான் இருந்தது. விசிறி ஓடவில்லை. இதை உறுதி செய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பெரிய விசிறி. வலது மணிக்கட்டு வலிக்கிறது, தலை வாரியதால் இருக்கலாம்.

சாப்பிட்டு வந்ததும் கன்னியப்பன் வழக்கம்போல் பிலிமைக் கழட்டக் குனிந்தார்.

"கன்னியப்பன், காபி ஆறுது" என்றேன்.

கேமராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கேமராவைப் பார்த்தார். பிறகு காபி குடிக்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்குச் சோபாவில் உட்கார்ந்தேன். அரக்கு நிறப் பட்டு, அம்மா வழி அட்டிகை. தேவசித்தம் கொட்டாவி விட்டுக்கொண்டே "ஓடட்டும்" என்றார். கேமரா கனமாக ஓடியது. கன்னியப்பன் இருமினார். இருமினால் பிலிம் போச்சு என்று எல்லோரையும் மிரட்டியவர்! அந்தச் சத்தம் காதில் விழுந்த நொடியில், மூன்று மாதமாகக் கண்ணாடி முன் பழகிவைத்த முகமெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. பேந்தப் பேந்த விழித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

"மேடம், இன்னைக்கு வெறுமை கொஞ்சம் தூக்கலாப் போச்சு" என்றார் தேவசித்தம்.

ஏப்ரல் 12, வியாழன்

பிலிம் கழுவி வந்துவிட்டது. தேவசித்தம் கன்னியப்பனையும் இழுத்துக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார்.

"மேடம், எல்லாம் போச்சு! கடைசி ஷாட்ல தனம் மேல நீங்க உக்காந்து சிரிச்சிட்டிருக்கீங்க!"

"அப்படியா? அதுல என்ன ஆச்சரியம்? தினமும் என்னையும்தானே எடுத்தீங்க?"

காபி புரையேறி ஜிப்பாவெல்லாம் சிந்தியது. நானே துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கன்னியப்பன் பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தார். இருபது வருடம் என்ன கிழித்தாய், ஓட்டிய பிலிமையே மறுபடி ஓட்டினாயா, இனி உனக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை, பெயர்கூடப் போடமாட்டேன் என்று. கன்னியப்பன் "என் தப்புதான் சார்" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவேயில்லை. தன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஏப்ரல் 13, வெள்ளி

இன்று மேகமூட்டம். சோறு இன்றும் இறங்கவில்லை.

ஏப்ரல் 20, வெள்ளி

தேவசித்தத்திடமிருந்து போன். குரலில் துள்ளல். யாரோ ஒரு பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, கடைசிக் காட்சியில் எழுந்து நின்றுவிட்டாராம். அந்தக் காட்சி ஒன்றுக்காகவே இந்தப் படம் என்றாராம்.

"உக்காந்திருக்கறவளும் உழைக்கறவளும் ஒரே பிலிம்ல. ஒரு வருசமா மனசுக்குள்ள ஊறிட்டிருந்த சிந்தனை மேடம் அது."

"அன்னைக்கு எல்லாம் போச்சுன்னீங்களே?"

"படைப்பாளிக்கு மொதல்ல அப்படித்தான் தோணும்."

"கன்னியப்பனைத் திரும்பக் கூப்பிட்டீங்களா?"

"அவன் வெறும் கை மேடம். பார்வைதான் முக்கியம்."

போனை வைத்த பிறகு அந்த வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் ஒரு படி ஏறியது. என்மேலும்தான்.

ஏப்ரல் 28, சனி

மாலை ஆறு மணிக்குத் திரையிடல். தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தைத் தியேட்டரில் போட முடியாது. அதனால் பெரியமேட்டில் எங்கள் தோல் கிடங்கில், வாய்மொழி அழைப்போடு, கதவைச் சாத்திக்கொண்டு. கிளப் பெண்கள் பட்டுக் கட்டிக்கொண்டு வந்து மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்கள். வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்றுக்குப் படம் தேர்ந்தெடுக்கிற சிவசைலம் என்பவரும் வந்திருந்தார். வெகுகாலம் கேமரா வேலை சொல்லிக்கொடுத்தவராம். நான் கார் அனுப்பிக் கன்னியப்பனை வரவழைத்திருந்தேன். அவர் கடைசியில், தோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். தனத்தை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. எழுத்து ஓடியது. 'நடிப்பு: தனபாக்கியம்.' அடுத்து, 'வீடு: திருமதி ராஜமாணிக்கம்.'

அறுபத்திரண்டு தலை என் பக்கம் திரும்பியது. நான் தோள் மடிப்பைச் சரிசெய்துகொண்டேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். தனம் அழகாக இருந்தாள். அவள் கருவேப்பிலை உருவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பதினேழு வருடம் என் கண்ணெதிரில் இருந்தவளை ஒரு தாடிக்காரன் வந்து காட்ட வேண்டியிருக்கிறது. அந்த மட்டில் தேவசித்தம் கெட்டிக்காரன்தான்.

பிறகு கடைசிக் காட்சி. இருட்டுச் சமையலறை, தட்டு, தனியாகத் தனம். அவளுக்கு மேலே, அவள் மடியில் உட்கார்ந்ததுபோல், பட்டும் அட்டிகையுமாக ஒரு பெண் பேந்தப் பேந்த விழிக்கிறாள். அவளுக்கூடே தனத்தின் முகம் தெரிகிறது. அந்தப் பெண் கண் சிமிட்டினாள். சிரித்தாள். கழுத்தில் இரண்டு கோடு, நாற்பத்து நான்கு வயது அப்படியே தெரிந்தது. எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் சிவசைலம் எழுந்தார். "அந்தக் கடைசி ஷாட். அதை எப்படிப் பண்ணீங்க?"

"அது ஒரு உள்பார்வை சார்" என்றார் தேவசித்தம்.

"உள்பார்வை சரி. ஆனா ரெண்டும் பிசிறில்லாம ஒரே எடத்துல ஆரம்பிச்சு ஒரே எடத்துல முடியுது. லேப்ல பண்ணதா, கேமராவுலயே சுத்தினதா? எத்தனை சுத்து?"

தேவசித்தம் தாடியை இழுத்தார். "அது வந்து, உணர்வோட ஒரு..." என்று ஆரம்பித்து, கண்ணால் கன்னியப்பனைத் தேடினார். கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெயரே இல்லாத படத்துக்கு அவர் ஏன் பேச வேண்டும்?

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், திரையில் சிரித்த பெண்ணாகவே வீட்டுக்குப் போகலாம். திறந்தால், என்னை ஒருநாள்கூட எடுக்கவில்லை என்பது மொத்த ஊருக்கும் தெரிந்துவிடும். எழுந்து நின்றேன்.

"எண்பத்து நாலு சுத்து" என்றேன். "லென்ஸை மூடிக்கிட்டு. நான்தான் சுத்தினேன். கன்னியப்பனுக்கு எதுவும் தெரியாது, ஆனா பழியை அவர்தான் சுமந்தார்." (நடுவில் ஒரு பொய். பரவாயில்லை.)

சிவசைலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யாரும்மா?"

இந்த ஊரில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"வீடு" என்றேன்.

முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் கிடங்கே அதிர்ந்தது. சிவசைலமும் சிரித்துவிட்டு, "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றார்.

"மூணு மாசமா என்னைக் காலி கேமராவை வச்சு எடுத்தாங்க. யாரும் எடுக்கற மாதிரி தெரியலை. அதான் நானே போய் உக்காந்துக்கிட்டேன்."

கிளப்பில் இதை இன்னும் ஒரு வருடம் பேசுவார்கள், நன்றாகப் பேசட்டும். பின்னாலிருந்து முதலில் கைதட்டியது கன்னியப்பன். சிவசைலம் படத்தை எடுத்துக்கொள்வதாகவும், ஆனால் எழுத்தை மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கன்னியப்பன் பெயரையும் என் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ராஜமாணிக்கம் வேண்டாம், சுகுணவதி போதும் என்றேன். தேவசித்தம் ஒரு தோல் கட்டின்மேல் உட்கார்ந்து நிஜமாகவே வெறுமையை நினைத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது இவர் முன்சீட்டில். தனம் என் பக்கத்தில். எழும்பூர் தாண்டும்வரை அவள் பேசவேயில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். நியாயம்தான். அவளுடைய அரை நிமிடத்தின்மேல் ஏறி உட்கார்ந்தவள் நான்.

"அம்மா" என்றாள்.

"சொல்லு தனம்."

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் கொஞ்சம் நவுந்து குந்தியிருப்பேனேம்மா."

பதினேழு வருடத்தில் உப்பு குறைவு, காரம் அதிகம் என்பதைத் தவிர அவளிடம் நான் எதைச் சொல்லியிருக்கிறேன்? நான் ஜன்னலோரம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.